ஊசி போட எதற்கு எம்.எஸ்ஸி.?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாமாண்டு மாணவி)

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, பழவேற்காட்டை அடுத்த எங்கள் குப்பத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவர்கள் என் பெரியப்பாவும் என் அக்காவும். நீதிபதியின் இடத்தில், கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே அமர்ந்திருந்தவர் அப்பா. அம்மாவும் நானும் பார்வையாளர்கள். அக்கா பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவள், வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு எம்.எஸ்ஸி. படிக்கப் போவதாக அவள் சொன்னதே வழக்கு.

"ஊசி போட்றதுக்கு இன்னும் எத்தினி வருசம்மா படிப்ப?" என்று கேட்டார் பெரியப்பா.

கேலிக்காகக் கேட்ட கேள்வி அன்று அது. மாதம் பிறந்தால் சம்பளம் கொண்டுவரும் பெண், அதை நிறுத்திவிட்டு, கையிலிருந்து பணமும் கட்டிப் படிக்கப் போகிறேன் என்றால், முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டதோ, மீன்வரத்து குறைந்துவிட்டதோ என்று ஆண்டுதோறும் கலங்கும் ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் வேறு எப்படிக் கேட்பார்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மனத்துக்குள் நானும் பெரியப்பா பக்கம்தான். அக்காவின் சம்பளத்தில்தான் எனக்குப் புத்தகம் வாங்கப்படுகிறது. தன்னலம் எவ்வளவு எளிதாகப் பொருளாதார வாதமாக வேடம் போட்டுக்கொள்கிறது என்பதை, பொருளியல் படிக்கும் நான் அன்று கண்டுகொண்டேன்!

அதன்பின் சில மாதங்கள் இதைப் பற்றிப் படித்தும் கேட்டும் என் எண்ணம் மாறியது. மாறிய விதத்தை இங்கே எழுதுகிறேன். தமிழ் பேசத் தெரிந்தவருக்கு எதற்குத் தமிழ் எம்.ஏ. என்று நம் தமிழ்த் துறைக்குப் போய் யாரும் கேட்பதில்லை. நர்ஸைப் பார்த்து மட்டும் ஏன் கேட்கிறோம்?

முதலில், நம்மில் பலருக்கு நர்ஸ் படிப்பில் படிகள் உண்டு என்பதே தெரியாது. இரண்டாண்டில் முடியும் ஏ.என்.எம். படிப்பு ஒன்று, மூன்றாண்டு ஜி.என்.எம். என்னும் பட்டயப் படிப்பு ஒன்று, நான்காண்டு பி.எஸ்ஸி. பட்டம் ஒன்று. பட்டயம் பெற்றவர்கள் இரண்டாண்டு கூடுதலாகப் படித்துப் பட்டதாரி ஆவதற்கும் வழி உண்டு. இவற்றுக்கு மேலேதான் எம்.எஸ்ஸி. பி.எஸ்ஸி.யில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும் என்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதி. மருத்துவ-அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து பிரிவுகள். ஆனால் எந்தப் பிரிவை எடுத்தாலும் பொதுவாகப் படிக்க வேண்டிய தாள்களின் பெயரைக் கேளுங்கள்: நர்ஸிங் கல்வி, நர்ஸிங் ஆராய்ச்சியும் புள்ளியியலும், நர்ஸிங் நிர்வாகம். ஊசி போடும் பாடம் இதில் எங்கே இருக்கிறது? அது பி.எஸ்ஸி.யோடு முடிந்தது. ஊசி போடுபவர்களுக்குக் கற்றுத் தருவது எப்படி, ஐம்பது பேர் படுத்திருக்கும் வார்டை நடத்துவது எப்படி, செய்கிற வேலையில் பயன் விளைகிறதா என்று கணக்குப் பார்ப்பது எப்படி என்பவைதாம் மேற்படிப்பு.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்பவை அந்த நான்கு. நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். நாம் மூன்றாவதற்குக் கொடுக்கும் மதிப்பைக்கூட நான்காமவருக்குக் கொடுப்பதில்லை. 'செவிலி' என்று அழகான பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் வளர்ப்புத் தாய். தலைவியின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று முகம் பார்த்து அறிந்து, பெற்ற தாய்க்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு அவளுடையது. பெயரை எடுத்துக்கொண்ட நாம், அந்தப் பேசும் உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் என்றதும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் அவர் கை விளக்கும் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் நமக்கு அந்த விளக்கோடு பாடம் முடிந்துவிட்டது. விளக்கைவிடப் பெரிய கருவி ஒன்று அவரிடம் இருந்தது, அது புள்ளிவிவரம். கிரிமியப் போரில் குண்டடிபட்டு இறந்த வீரர்களைவிட நோயால் இறந்தவர்களே மிகுதி என்பதை வட்ட வடிவ வரைபடமாகத் தீட்டி, 1858இல் ஆட்சியாளர்களின் கண்முன் வைத்தார். அதே 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1860இல் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதாவது, நோயாளியைப் பார்த்தார், கணக்குப் பார்த்தார், கற்றுக் கொடுத்தார். இன்றைய எம்.எஸ்ஸி.யின் பாடத்திட்டம் ஏறக்குறைய இவ்வளவுதானே! இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை; ஆனாலும் இந்நாட்டின் குடிநீர், சாக்கடை, பஞ்சம் பற்றிப் பல்லாண்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

பல்கலைக் கழகம் நர்ஸுக்குக் கதவைத் திறந்தது பிறகுதான். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1907இல் மேரி அடிலெய்ட் நட்டிங் பேராசிரியர் ஆனார். நர்ஸ் ஒருவர் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தது உலகில் அதுவே முதல் முறை.

நம் பக்கத்துக் கதையும் சளைத்ததன்று. சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கும் 1871இல் பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்கும் பயிற்சி தொடங்கியது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மருத்துவம் படிக்கப் போன கதை பலருக்குத் தெரியும். அவர் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை கட்டினார் என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறோம். 1909இல் அங்கே நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார் என்பதையும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கும் பிறகு 1918இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர்களை உருவாக்கும் முன்பே நர்ஸ்களை உருவாக்கத் தொடங்கிய டாக்டர் அவர்.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த ஜோசப் போர் குழு, இந்நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்று கணக்கிட்டது. அதே 1946இல் தில்லியிலும் வேலூரிலும் நர்ஸிங் கல்லூரிகள் எழுந்தன. தில்லியில் 1959இலும் வேலூரில் 1968இலும் முதுகலைப் படிப்பு வந்தது. இன்று நம் பெண்கள் எழுதும் விண்ணப்பத்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் நிற்கின்றன. வேலூரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. அங்கே வகுப்பில் பாடம் நடத்துபவரே வார்டிலும் பொறுப்பேற்கிறார். புத்தகம் ஒரு வழியும் வார்டு ஒரு வழியும் போகாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. மாணவியிடம் "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், இங்கே இப்படித்தான் செய்வோம்" என்று எந்த மூத்த நர்ஸும் சொல்லாத ஒரு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள்!

இவ்வளவும் சரி, பழவேற்காட்டுக்கு இதனால் என்ன?

நம் நூலகத்தில் பழவேற்காடு என்று தேடினால் டச்சுக்காரர் கிடைப்பர், 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை கிடைக்கும், பூநாரை கிடைக்கும், சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்ற பெருமை கிடைக்கும். மனிதர்கள் கிடைப்பது அரிது. அங்கே ஏரியிலும் கடலிலும் வலை வீசுபவர்கள் இருக்கிறார்கள். பனை ஓலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் ஒவ்வொருவரின் உடம்பும் ஒவ்வொரு விதமாகத் தேய்கிறது. கெளுத்தி முள் குத்திய கையைச் சுண்ணாம்பு தடவி மறந்துவிடுபவர், சேற்றுப் புண்ணோடு மறுநாளும் தண்ணீரில் இறங்குபவர், குனிந்து குனிந்து கூடை முடைந்து முதுகு போனவர், மூன்று வேளையும் கருவாட்டு உப்பு தின்று இரத்த அழுத்தம் ஏறியவர் என்று ஒரு பாடப்புத்தகமே எங்கள் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. கிராம சுகாதார நர்ஸ் வருகிறார்; எங்கள் குப்பத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையில் கட்டம் விடாமல் நிரப்பியவர் அவர்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் வாசலுக்கு வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே! காலை பத்து மணிக்கு என் அம்மா பொன்னேரிச் சந்தையில் மீன் கூடை முன்னால் உட்கார்ந்திருப்பாள். அப்பா இரவெல்லாம் ஏரியில் இருந்துவிட்டு அப்போதுதான் தூங்கத் தொடங்கியிருப்பார். எங்கள் ஊருக்குக் கடிகாரம் நீர் ஏற்றமும் நீர் இறக்கமும்தான்.

இந்த இடத்தில் அக்கா சொன்னது என்னைக் கவர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் ஆட்களைத் தொழிலுக்குப் போக விடுவதில்லை. அந்தத் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். "அன்னைக்கு ஆம்பளைங்க எல்லாம் ஊர்ல தான் இருப்பாங்க. வானத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. பிரஷர் பார்க்க அதைவிட நல்ல நாள் உண்டா?" என்றாள். முகாம் நாளை ராக்கெட் தேதியோடு பொருத்த வேண்டும் என்று தோன்றுவதற்கு ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். தோன்றியதைத் திட்டமாக எழுதி, ஆள் பிரித்து, முடிவில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று கணக்குக் காட்ட நிர்வாகம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மேலிடம் காது கொடுத்துக் கேட்க ஒரு பதவி வேண்டும். முதலாவது அக்காவிடம் பிறப்பிலேயே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும்தான் படிப்பு.

பதவி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் அவள் பார்த்தவள். ஒரு மருத்துவமனையில் (எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம்) இரவுப் பணியில் ஒரே நர்ஸ் அளவுக்கு மீறிய படுக்கைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. மருந்து கொடுக்கும் நேரங்களைச் சற்று மாற்றி அமைத்தால் தவறு நேராமல் தடுக்கலாம் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "நீங்க சிஸ்டர். சொன்னதைச் செய்யுங்க" என்பது கிடைத்த விடை. தாள் என்னவாயிற்று என்று தெரியவில்லை. அன்றிரவுதான் எம்.எஸ்ஸி. எண்ணம் பிறந்ததாம்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பெரியவர்கள் முறை வைத்துப் பிரிப்பார்கள். பாடு பிரிப்பவர் வலை வீசத் தெரியாதவராக இருக்க முடியாது; அதே சமயம் வலை வீசத் தெரிந்த எல்லோராலும் பாடு பிரித்துவிடவும் முடியாது. பிரித்தவர் தவறினால் ஊரே சண்டையில் இறங்கும். பெரியப்பா பாடு பிரிக்கும் கூட்டத்தில் உட்காருபவர். அவரிடம் இந்த உவமையைத்தான் நான் சொன்னேன். "வார்டுல ராத்திரி யாரு, பகல் யாருன்னு பிரிக்கிறதும் பாடுதான் பெரியப்பா" என்றேன். அவர் விடை சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்தார். அது பாதி ஒப்புதல் என்று எங்கள் வீட்டில் கணக்கு.

கடலோர மக்களுக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பசிபிக் கடலில் டோங்கா என்று சின்னஞ்சிறு தீவு நாடு ஒன்று உண்டு. அந்நாட்டிலிருந்து நர்ஸிங்கில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி அமேலியா துய்புலோட்டு. அவர் தம் நாட்டின் சுகாதார அமைச்சரானார்; 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை நர்ஸிங் அதிகாரியாகவும் நியமிக்கப்பட்டார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த எலிசபெத் ஈரோவும் குக் தீவுகள் என்னும் மற்றொரு சிறு தீவு நாட்டுக்காரரே. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 59 இலட்சம் நர்ஸ்கள் குறைவாக உள்ளனர் என்றது. இத்தனை பேரை உருவாக்க வேண்டுமானால் அவர்களுக்குக் கற்றுத்தர எத்தனை ஆசிரியர்கள் வேண்டும் என்ற கணக்கை நம் வகுப்பில் யாரேனும் போட்டுப் பார்க்கலாம்.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெரியப்பாவுக்கு நான் செய்யும் அநியாயம் அது.

எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் எல்லோரும் தலைமைப் பதவியில் உட்கார்ந்துவிடுவதில்லை. தனியார் கல்லூரியில் பாடம் நடத்தும் முதுகலைப் பட்டதாரி, அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியிலுள்ள நர்ஸைவிடக் குறைந்த சம்பளம் வாங்குவது ஊரறிந்த செய்தி. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையை ஆராய உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது சட்டமாகாது என்பதை அக்காவின் சம்பளச் சீட்டைப் பார்த்தவள் நான். அரசுப் பணியிலும் எல்லாம் தேனும் பாலும் அன்று. தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட நர்ஸ்கள் ஆயிரக்கணக்கில் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இப்படிப்பட்ட நிலையில், "படி, பதவி தானாக வரும்" என்று சொல்வது ஏமாற்று.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இரவுப் பணியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் குறுக்கு வழியாக எம்.எஸ்ஸி.யைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நோயாளியோடு ஓராண்டு மட்டுமே இருந்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் கரும்பலகையோடு இருக்கப் போகும் ஆசிரியரால் மாணவிக்கு என்ன கிடைக்கும்? ஓராண்டு அனுபவம் போதும் என்ற விதி எனக்குப் போதவில்லை. மூன்றாண்டாவது வார்டில் நின்றவருக்குத்தான் இந்தப் படிப்பு என்று வைத்தால் நல்லது. படிக்கும் இரண்டாண்டுக்கும் அரசு ஓர் உதவித்தொகை தந்து, முடித்தபின் சில ஆண்டுகள் எங்களூர் போன்ற இடங்களில் பணி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால் இன்னும் நல்லது. இது என் சொந்தக் கருத்து. பேராசிரியர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

ஆகவே பெரியப்பாவின் கேள்வியைத் திருத்திக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஊசி போட எம்.எஸ்ஸி. வேண்டாம். எம்.எஸ்ஸி. படித்தவருக்கு ஊசி போடவும் தெரியும், அதைச் சொல்லித் தரவும் தெரியும், எந்த ஊருக்கு எந்த நாளில் ஊசி போக வேண்டும் என்று வாதாடவும் தெரியும் என்ற நிலை வந்திருக்கிறதா என்பதே கேள்வி. முழுவதும் வரவில்லை. வரவில்லை என்பதாலேயே எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி போக வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்கள் கார்களில் வந்து போகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்தே ஒருத்தி எழுதினால், கருவாட்டு உப்பைக் குறைக்கச் சொல்லும் முன், கருவாடு இல்லாத நாளில் நாங்கள் என்ன தின்போம் என்பதையும் சேர்த்து எழுதுவாள்.

திண்ணை வழக்கில் அப்பா கடைசி வரை தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வலை வாங்குவதற்கென்று கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டிருந்த கடனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பழைய வலையே இன்னும் இரண்டாண்டு தாங்கும் என்றார். ஒரே சமயத்தில் இரண்டு கடன் எங்கள் வீடு தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா மட்டும் வலையை எடுத்து விரித்து, கிழிசல்களை எண்ணிப் பார்த்தாள்.

அக்கா விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. கிடைத்தால் முதலாண்டிலேயே புள்ளியியல் வருகிறதாம். பள்ளிக்கூடத்திலிருந்தே கணக்கு என்றால் அவளுக்குக் கசப்பு. போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என்னுடைய இரண்டாமாண்டுப் புள்ளியியல் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சராசரி, திட்ட விலக்கம் வரை புரிந்துவிட்டது, அதற்கு மேல் ஞாயிறன்று வந்து கேட்கிறேன் என்று நேற்று போனில் சொன்னாள்.